பசிராக்கேயின் வலது தோள்

ருகோமா குன்றிலிருந்து தார்ச்சாலைக்கு இறங்க ஒற்றையடிப் பாதைதான் உண்டு. வெறுங்கையோடு நடந்தால் ஒன்றரை மணி நேரம். நோயாளியைத் தூக்கிக்கொண்டு இறங்கினால் இரண்டரை. வண்டி ஏறாது. அதனால் எங்கோசியில் தூக்குவோம். கொடியால் பின்னிய ஆள் நீளக் கூடை, இரு பக்கமும் இரண்டு நீளக் கழி, அடியில் நாலு பேர் தோள். வீட்டுக்கு ஒரு ஆம்பளை எங்கோசிச் சங்கத்தில் இருந்தாக வேண்டும். தேவாலயத்து மரத்தில் தொங்கும் லாரிச் சக்கர வளையத்தை அடித்தால் கையில் எது இருந்தாலும் போட்டுவிட்டு ஓட வேண்டும். வராத வீட்டுக்குச் சோள மது ஒரு பானை தண்டம்.

பசிராக்கே இருபத்திரண்டு வருடத்தில் ஒரு பானைகூடத் தண்டம் வைத்ததில்லை. முன்பக்கத்து வலது கழி அவனுடையது. முன்னால் போகிறவன்தான் நடையை வைக்கிறான். பின்னால் இருப்பவனுக்குக் கூடையும் முன்னவன் முதுகும் தவிர ஒன்றும் தெரியாது. "கல்லு", "தண்ணி", "எறக்கம்" என்று அவன் சொல்லச் சொல்லக் காலை வைக்க வேண்டியதுதான். அவன் தூக்கினால் கூடைக்குள் வைத்த கூழ் சிந்தாது என்பார்கள். நான் கூழ் வைத்துப் பார்த்ததில்லை. ஆனால் பிரசவ வலியில் கத்திக்கொண்டு ஏறிய ஒருத்தி பாதி வழியில் அசந்து தூங்கியதைப் பின் கழியில் இருந்து பார்த்திருக்கிறேன். அத்தனை வருடமும் நான் அவனுக்குப் பின்னால்தான் தூக்கினேன். அவன் மனைவி சாரிகுண்டா எனக்குச் சித்தப்பா மகள். அவனும் நானும் மச்சான் முறை.

அந்தத் தோள் உடைந்த கதையில் வீரம் எதுவும் இல்லை. உருளைக்கிழங்கு, ஒரு சைக்கிள், ஓர் ஆடு, அவ்வளவுதான். இரண்டு மூட்டையைக் கட்டிக்கொண்டு தார்ச்சாலை இறக்கத்தில் சந்தைக்குப் போனான். பிரேக் இல்லை. செருப்பை டயரில் தேய்த்துத்தான் எல்லோரும் நிறுத்துவோம். ஆடு குறுக்கே வந்தது. செருப்பு கழன்றது. வலது தோள் ரோட்டில் மோதியது. ஆட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். கழுத்துக்குக் கீழே இருக்கும் காறை எலும்பு மூன்று துண்டு. ஒரு துண்டு தோலைக் குத்திக்கொண்டு வெளியே வரப் பார்த்ததாம். அறுத்து, தகடு வைத்து, ஏழு திருகாணி போட்டுத் தைத்தார்கள். எலும்பு டாக்டர் ஒல்லியான மனிதர், குரல் மட்டும் பெரிது.

"பன்னெண்டு வாரம். டீ கப்புக்கு மேல எதையும் இந்தக் கையால தூக்கக் கூடாது. புரியுதா?"

"புரியுதுங்க."

"மம்முட்டி?"

"இல்லைங்க."

"கிழங்கு மூட்டை?"

"இல்லைங்க."

எங்கோசியைப் பற்றி அவர் கேட்கவில்லை. இவனும் சொல்லவில்லை.

பன்னிரண்டு வாரம் என்றதும் அவன் விரல் விட்டு எண்ணினான். பக்கத்தில் சாரிகுண்டா வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பிரசவ நாள் அன்றிலிருந்து பதிமூன்றாவது வாரத்தில்.

இதற்குள் இருக்கும் சங்கதி எங்கள் குன்றில் எல்லோருக்கும் தெரியும். நாலு வருடத்துக்கு முன் அவளுக்கு வலி வந்தபோது பசிராக்கே எல்லைச் சந்தைக்குப் போயிருந்தான். நாங்கள்தான் தூக்கினோம். மழை. ஓடைக்கருகில் முன்னால் இருந்த இருவரும் சறுக்கி, கூடை ஒரு பக்கமாகத் தரையில் இறங்கியது. விழவில்லை, இறங்கியது. ஆஸ்பத்திரியில் வயிற்றை அறுத்து எடுத்தபோது பையன் உயிரோடு இல்லை. அது ஓடையால் ஆனதா, அதற்கு முன்பே ஆனதா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அவள் யாரையும் திட்டவில்லை. மூத்த மகள் ஜோவியா பெயரைச் சொல்லித்தான் புருஷனைக் குறிப்பிடுவாள். ஒன்றே ஒன்று சொன்னாள்: "இனிமே ஜோவியா அப்பா முன்னாடி நின்னாத்தான் நான் அதுல ஏறுவேன். இல்லைன்னா வீட்டுலயே ஆகட்டும், என்ன ஆனாலும்."

ஒருமுறை வயிற்றை அறுத்துப் பிள்ளை எடுத்தவள் வீட்டில் பெறக் கூடாது என்று நர்ஸ் கண்டித்துச் சொல்லியிருந்தாள். அதனால் பன்னிரண்டு வாரத்தில் அந்தத் தோள் தேற வேண்டும். தேறினால் பதிமூன்றாவது வாரம் அவன் முன்னால் நிற்பான், அவள் ஏறுவாள். வேறு வழி இல்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது அவனை எங்கோசியில்தான் மேலே ஏற்றினோம். அதில் படுத்தது அவனுக்கு அதுதான் முதல் தடவை. வாய் சும்மா இருக்கவில்லை.

"கல்லு வருது பாரு. டேய் துரிஹோ, எடது காலை வைடா. இது நடையா? மாடு மூத்திரம் போற மாதிரி வளைஞ்சு வளைஞ்சு போற."

முன்னால் தூக்கிய துரிஹோ, கேலி பேசியே வயிறு வளர்ப்பவன், கழியை இறக்காமலே சொன்னான்: "பொணம் பேசுனா இறக்கி வெச்சிட்டு ஓடணும்னு சங்கத்துல விதி இருக்கு அண்ணே. நீங்க பேசறீங்க. என்ன செய்யலாம்?"

எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரிக்கப் பார்த்தான். சிரித்தால் எலும்பு வலித்தது.

பிறகு உட்கார்ந்திருக்கும் காலம் வந்தது. மலையே புரண்டாலும் அசையாத ஆள் என்று நினைத்திருந்தேன். ஒரு சட்டைப் பொத்தான் அவனைத் தோற்கடித்தது. இடது கையால் பொத்தான் போடத் தெரியவில்லை. சாரிகுண்டா போட்டுவிட்டாள். கால்சட்டையையும் அவள்தான் மாட்டிவிட்டாள். கையைத் துணித் தொட்டிலில் போட்டு அவன் கழுத்தில் கட்டும்போது எட்டாமல் வயிறு இடிக்கும். படுத்தால் எலும்பு குத்துகிறது என்று சோள மூட்டைகளை முதுகுக்கு அண்டக் கொடுத்து உட்கார்ந்தே தூங்கினான். தையலுக்குக் கீழே ஓர் உள்ளங்கை அளவு தோல் மரத்துப்போயிருந்தது. ஈ உட்கார்ந்தால்கூடத் தெரியாது. ஆனால் தையல் மட்டும் அரிக்கும். சொறியக் கூடாது.

அவள் வயலுக்குப் போவாள். முதல் கிழங்கைத் தோண்டி எடுக்க வேண்டிய நேரம் அது. எங்கள் பக்கம் மண்வெட்டி பெண்கள் கையில்தான், அது புதிதில்லை. ஆனால் மூட்டை கட்டுவதும் சுமப்பதும் அவன் வேலை. இப்போது அதுவும் அவள் தலையில். வயிற்றைத் தள்ளிக்கொண்டு மேட்டு வயலில் குனிந்து நிமிர்வதை இவன் முற்றத்தில் உட்கார்ந்து பார்ப்பான். நான் ஒரு மூட்டை, துரிஹோ ஒரு மூட்டை என்று இறக்கிக் கொடுப்போம். எங்களுக்கும் வயல் இருந்தது. தினமும் முடியாது.

"ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துல எங்க அத்தை வீட்டுல போய் இப்பவே இரு" என்று அவளிடம் சொன்னேன்.

"நான் போனா இவருக்குக் கால்சட்டை யாரு மாட்டிவிடுவா, நீங்களா அண்ணே?"

"மாட்டிவிடுறேன்."

"கிழங்கு?"

அன்றைக்கு ஒரு மூட்டையைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன்.

நாலாவது வாரம் கையை ஆட்டும் பயிற்சி ஆரம்பித்தான். டாக்டர் சொல்லிக் கொடுத்தது. முன்னால் குனிந்து, கையைத் தொங்கவிட்டு, மணி நாக்கு மாதிரி மெல்ல ஆட்ட வேண்டும். முற்றத்தில் குனிந்து நின்று ஆட்டுவான். போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள்.

"என்ன மாமா, கோழியைத் தேடறீங்களா?"

"உங்க அப்பன் மூளையைத் தேடறேன், போடா."

ஆட்டிவிட்டு நிமிர்ந்தால் முகமெல்லாம் வேர்வை. காலைக் குளிரில் தகடு உள்ளுக்குள் சில்லென்று இருக்கும் என்பான். எக்ஸ்ரே படத்தை ஜன்னலில் சொருகி வைத்திருந்தான். வெயில் வந்தால் ஏழு திருகாணியும் தெரியும். தினமும் எண்ணுவான். ஆணிகளுக்குக் கால் முளைத்துப் போய்விடுமா என்ன என்று கேட்டேன். "நீ உன் வேலையைப் பாருடா" என்றான்.

சக்கர வளையம் அடித்தால்தான் மோசம். சங்கம் அவனுக்கு விலக்கு கொடுத்திருந்தது. பானை வேண்டாம் என்று எல்லோரும் சொல்லிவிட்டார்கள். ஆனாலும் சத்தம் கேட்டதும் எழுந்துவிடுவான். வாசல்வரை வருவான். நாங்கள் ஓடுவோம். அவன் வாசலில் நிற்பான்.

ஆறாவது வாரம் ருஹிண்டா செத்தார்.

ருஹிண்டா சாலையோரத்தில் பன்றிக்கறி வறுத்து விற்றவர். தன் கறியைத் தானே பாதி தின்றவர், அந்த அளவுக்கு உடம்பு. அவருக்கும் பசிராக்கேக்கும் இரண்டு வருடமாகப் பேச்சில்லை. அவர் பன்றி இவன் கிழங்கைக் கிண்டியது, இவன் ஈட்டியால் குத்தினான், பன்றி செத்தது. அதிலிருந்து வழியில் பார்த்தால் இருவரும் மேகத்தைப் பார்ப்பார்கள். பட்டணத்து ஆஸ்பத்திரியில் உயிர் போனது. தார்ச்சாலை வரை வண்டியில் வந்த உடலை மேலே அவர் நிலத்தில் புதைக்கத் தூக்கி வந்தோம். பாதை பசிராக்கே முற்றத்தை ஒட்டிப் போகிறது.

பிணம் வாசலைத் தாண்டும்போது அந்த வீட்டு ஆண் வெளியே வந்து தோள் கொடுக்க வேண்டும். பத்து அடி போதும். சங்கத்துக்கு முன்பிருந்தே உள்ள வழக்கம் அது. கொடுக்காதவன் செத்தவன்மேல் இன்னும் பகை வைத்திருக்கிறான் என்று அர்த்தம். பகையோடு போனவன் அந்த வீட்டில்தான் திரும்ப வந்து கதவைத் தட்டுவான் என்பார்கள். அதுவும் வயிற்றுப்பிள்ளை இருக்கும் வீட்டில்.

நாங்கள் மூச்சு வாங்கிக்கொண்டு முற்றத்தருகே வந்தோம். அப்போதுதான் மழை நின்றிருந்தது. பசிராக்கே வாசலில் நின்றான். கை துணித் தொட்டிலில். பின்னால் சாரிகுண்டா.

துரிஹோ முன்னாலிருந்தே கத்தினான்: "அண்ணே, நீங்க உள்ள போங்க. பெரியவருக்குத் தெரியும். அவர் ஒண்ணும் எக்ஸ்ரே கேக்க மாட்டார்."

"போகாதீங்க" என்றாள் அவள். எங்களுக்கே கேட்டது.

"போகலைன்னா நாளைக்குக் குழந்தைக்கு ஒரு காய்ச்சல் வந்தாலும் இந்த ஆளு பேரைத்தான் சொல்வாங்க. நீயும் சொல்லுவ."

அவள் இன்னொரு தடவை தடுத்திருக்கலாம். அவளுக்கும் அந்தப் பயம் இருந்தது, எனக்கும் இருந்தது.

"எடது தோள் நல்லாத்தானே இருக்கு. எடது கழியைக் குடு" என்று துரிஹோவை விலக்கிவிட்டு முன் இடது கழிக்கு அடியில் போனான். வலது கை தொட்டிலிலேயே இருந்தது. எல்லாம் யோசித்துத்தான் செய்தான். நான் அவனுக்கு நேர் பின்னால், அதே கழியில். ஒன்று, இரண்டு என்று அவனே எண்ணினான். ஏழு வரை சரியாக இருந்தது.

எட்டில் என் கால் சறுக்கியது.

ஈர மண், மேடு, ருஹிண்டாவின் உடம்பு. எதைச் சொன்னாலும் சறுக்கியது என் கால்தான். கழி சாய்ந்தது. கூடை சாய்ந்தது. அவன் வலது கை தானாக எழும்பியது. தொட்டிலைக் கிழித்துக்கொண்டு மேலே போய்க் கழியைப் பிடித்தது. இருபத்திரண்டு வருடமாக அந்தக் கைக்குத் தெரிந்த வேலை அது, அவனைக் கேட்டுக்கொண்டு செய்யவில்லை. ருஹிண்டா விழவில்லை. பச்சைக் குச்சியை முறிப்பது போல் ஒரு சத்தம் எனக்குக் கேட்டது. "எட்டு" என்றான். "ஒம்பது" என்றான். பத்தைச் சொல்லாமல் நடந்து முடித்துவிட்டுப் போய்ச் சுவரில் சாய்ந்தான். முகம் சாம்பல்.

ஆஸ்பத்திரியில் எடுத்த புதுப் படத்தில் வெளிப்பக்கத்து இரண்டு திருகாணிகள் பிடுங்கிக்கொண்டு நின்றன. தகடு தூக்கிக்கொண்டிருந்தது. நான்தான் கூடப் போனேன்.

"பத்து அடியா?" என்றார் டாக்டர். "பத்து அடி நடக்கறதுக்கா நான் மூணு மணி நேரம் நின்னு ஆணி போட்டேன்? ஏய்யா, செத்தவரு உன்னைக் கூப்பிட்டாரா?"

"இல்லைங்க."

"கூப்பிட்ட மாதிரி இருந்துச்சுங்க" என்றேன் நான். அவர் என்னைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன்.

இடுப்பு எலும்பிலிருந்து கொஞ்சம் சுரண்டி வைத்து, வேறு தகடு போட வேண்டும் என்றார். ஒரு வாரம் கழித்துப் போட்டார்கள். மறுபடி முதலிலிருந்து பன்னிரண்டு வாரம். இந்தத் தடவை அவன் விரல் விட்டு எண்ணவில்லை. கையை மார்போடு சேர்த்து வரிந்து கட்டி அனுப்பினார்கள். இடுப்பில் வெட்டியதால் நடையும் கோணிப்போனது. எக்ஸ்ரே படத்தை உறையிலிருந்து அவன் எடுக்கவே இல்லை.

வீட்டில் இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதாகத் தெரியவில்லை. ஒரு நாள் நான் போனபோது அவன் ஒற்றைக் கையால் பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்தான். பல்லால் கடித்து, பெருவிரலால் பிளந்து. ஒரு கிண்ணம் உரிக்க அரை நாள். அவள் அதை வாங்கிப் பானையில் கொட்டினாள்.

"அத்தை வீட்டுக்கு வர்ற வாரம் போறேன் அண்ணே" என்றாள். "கிழங்கு முடிஞ்சிரும்."

பிள்ளை அந்த வாரத்துக்குக் காத்திருக்கவில்லை. பிரசவ நாளுக்கு மூன்று வாரம் முன்னதாகவே, கிழங்கு வயலில், பனி விலகாத காலையில் வலி பிடித்தது. வளையம் அடித்தார்கள். நாங்கள் பதினாறு பேர் சேர்ந்தோம். எங்கோசியை முற்றத்தில் வைத்தோம். அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஏறு தாயி" என்றேன்.

"ஜோவியா அப்பா எங்க நிக்கிறாரு?"

அவன் மார்போடு கட்டிய கையோடு சுவரோரம் நின்றான். நல்ல கையில் ஒரு பேசின், அதில் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் கொண்டுவரச் சொன்ன பிள்ளைத் துணி, பிளேடு, பிளாஸ்டிக் விரிப்பு.

"ஏறு சாரி" என்று என்னைக் காட்டினான். "கருஹங்கா முன்னாடி நிப்பான். நல்லா நடப்பான்."

"அவரு காலு எப்படி நடக்கும்னு எனக்குத் தெரியும்."

அது எனக்கு உறைத்தது. சரியாகத்தான் சொன்னாள்.

"நீ ஏறலைன்னா நான் தூக்குவேன்" என்றான் அவன். "இந்தக் கட்டை அவுத்துட்டுத் தூக்குவேன். எலும்பும் தகடும் ரெண்டும் போகட்டும்."

அவள் கதவு நிலையை விடவில்லை. வலி வந்து குனிந்தாள். நேரம் போய்க்கொண்டிருந்தது. அப்போது அவன் பேசினைத் துரிஹோவிடம் கொடுத்துவிட்டு நொண்டி நொண்டிப் போய்க் கூடையின் முன்பக்கம், வலது கழி முனைக்கு அரை எட்டு முன்னால், முதுகைக் காட்டி நின்றான். தோளுக்கும் கழிக்கும் நடுவில் ஒரு கை அகலம் காற்று. என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினான். அவனை ஒட்டிப் பின்னால் கழிக்கு அடியில் நான் புகுந்தேன். படுத்திருப்பவளுக்கு அவன் தலை தெரியும், எடை யார்மேல் என்று தெரியாது. அப்படித்தான் நினைத்தோம்.

அவள் ஏறினாள்.

"கல்லு" என்றான். "தண்ணி. சின்ன எறக்கம். எடது." நான் அவன் வைத்த இடத்தில் என் காலை வைத்தேன். அவன் நொண்டினால் நானும் நொண்ட வேண்டியிருந்தது. பாதையில் பாதி போனதும் அவன் குரல் கம்மியது. ஒவ்வோர் எட்டும் அவனுக்கு இடுப்பில் வலித்தது. மற்றவர்கள் மாறி மாறித் தோள் கொடுத்தார்கள். நான் மட்டும் மாறவில்லை. மாறினால் ஆட்டம் அவளுக்குத் தெரிந்துவிடும் என்று பயம்.

ஓடைக்கு வந்தோம். கூடைக்குள்ளிருந்து அவள் குரல்:

"அண்ணே."

"என்ன தாயி?"

"நீங்க மூச்சு வாங்கறது வீட்டுலேருந்தே கேக்குது. அவரு தூக்கலைன்னு ஏறும்போதே தெரியும்." ஒரு வலி வந்து போனது. "மெதுவா கால வைங்க. ஜோவியா அப்பா, நீங்க கத்தாதீங்க, உங்க சத்தம் வலியைக் கூட்டுது."

அவன் வாயை மூடிக்கொண்டான். சொல்வதற்கும் ஒன்றுமில்லாமல், தூக்குவதற்கும் ஒன்றுமில்லாமல் ஓடைக்குள் எனக்கு முன்னால் இறங்கி, தண்ணீருக்கடியில் ஒவ்வொரு கல்லாகக் காலால் துழாவி, ஆடாத கல்மேல் நின்று காட்டினான். நான் அதில் வைத்தேன். அடுத்தது. அடுத்தது. எனக்கு வாழ்க்கையில் அவ்வளவு நீளமான ஓடை இருந்ததில்லை.

அறுத்துத்தான் எடுத்தார்கள். பெண். அழுதது. வராந்தாவில் நர்ஸ் கொண்டுவந்து நீட்டினாள். அவன் இடது கையை நீட்டினான். அவள் அவன் மார்புக் கட்டைப் பார்த்துவிட்டு, "ஒத்தைக் கையில குடுக்க முடியாது" என்று என்னிடம் கொடுத்தாள். கழி அழுத்தி என் கையும் மரத்துப்போயிருந்தது, அதை அவள் பார்க்கவில்லை. அவன் குனிந்து பிள்ளையின் முகத்தைப் பார்த்தான்.

"எவ்வளவு கனம்?" என்று கேட்டான்.

"டீ கப்பை விட அதிகம்" என்றேன்.

அதற்கு அவன் சிரிக்கவில்லை.

இது நடந்து மூன்று வருடம். எலும்பு ஒருவாறு சேர்ந்தது, ஆனால் கோணலாக. தகடு உள்ளேதான் இருக்கிறது. எங்கள் குன்றில் குளிர் உச்சமாக இருக்கும் ஜூன் மாதத்தில் இரண்டு கம்பளி போர்த்திக்கொண்டு திரிவான். அவன் கழி இப்போது என்னுடையது. சங்கத்தில் பெயரை எடுக்கச் சொன்னான். யாரும் எடுக்கவில்லை. வளையம் அடித்தால் வந்துவிடுவான். எல்லோருக்கும் முன்னால் வெறுங்கையோடு நடப்பான். கத்துவதில்லை, கல்லைக் காலால் தட்டிக் காட்டுவதோடு சரி. மேட்டில் கூடை சாயும்போதெல்லாம் அவன் வலது கை தானாக எழும்பும். தோள் உயரத்துக்குப் பாதி வரும். அதற்கு மேல் வராது. கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டுக் கீழே இறங்கும்.